வெள்ளைத் துகளுக்கு ஒரு பெயர்

தலைச்சோலை, ஏற்காடு
24 பிப்ரவரி 2025

ஐயா,

உங்களை எனக்குத் தெரியாது. அறிக்கையின் அடியில் 'ஆய்வு செய்தவர்: தே. தேவசிகாமணி' என்று இருந்தது, அதனால் நேராக உங்களுக்கே எழுதுகிறேன். உங்கள் ஆய்வகத்துக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுத்த பெண் மூன்று முறையும் 'மாதிரி கொடுத்தவர் மட்டும்தான் பேசலாம்' என்றாள். நான் மாதிரி கொடுத்தவள் இல்லை. அந்த மாதிரியே எங்களுடையது.

நாங்கள் தலைச்சோலையில் பதினோரு பெண்கள். எங்கள் காட்டுக் காப்பியை நாங்களே வறுத்து, அரைத்து, டப்பாவில் அடைத்துக் கொடுக்கிறோம். குழுவுக்கு நான்தான் தலைவி. ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் இரண்டு வருடமாக எங்கள் பொடியைத்தான் வாங்கி வந்தது. ஜனவரியில் அங்கே தங்கிய ஒருவர் பொடிக்குள் வெள்ளை வெள்ளையாகத் துகள் கிடப்பதைப் பார்த்திருக்கிறார். ஹோட்டல் மேனேஜர் பிரவீன் அந்தத் துகளைக் கோயமுத்தூரில் இருக்கும் உங்களுக்கு அனுப்பினார். நீங்கள் கால்சியம், ஆக்சிஜன், ஈயம் என்று எழுதி அனுப்பினீர்கள். அந்தக் கடைசிச் சொல் மலை முழுக்கப் பரவிவிட்டது. இப்போது ஏற்காடு பஜாரில் ஒரு பெட்டிக்கடைகூட எங்கள் டப்பாவைத் தொடுவதில்லை.

உங்கள் அறிக்கை தப்பு என்று சண்டை பிடிக்க நான் எழுதவில்லை. அவ்வளவு பெரிய இயந்திரம் பொய் சொல்லுமா? எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த ஈயம் எதிலிருந்து வந்தது?

எங்கள் குழுவில் வறுப்பதும் சலிப்பதும் முத்தாயி அக்கா வேலை. என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் வெள்ளையன் மாமாவின் மனைவி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தீபாவளி சமயத்தில் சல்லடையின் தகரம் விட்டுப்போனது. மிக்சி ரிப்பேர் பார்க்கும் மாமா அதைச் சால்டரிங் வைத்துப் பற்றவைத்தார். பற்றவைக்கும் கம்பியில் ஈயம் உண்டு என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், பத்து வாயும் அவள் பக்கம் திரும்பியது. 'உண்மை தெரிகிற வரைக்கும் நீ வறுக்கிற கொட்டகைப் பக்கம் வரவேண்டாம்' என்று கூட்டத்தில் அவளிடம் சொன்னதும், அதைக் குழு நோட்டில் எழுதியதும் நான்தான். பிப்ரவரி பதினான்கு அன்று.

அவள்தான் என்றால் தெரிந்துகொள்கிறேன். அவள் இல்லை என்றாலும் தெரியவேண்டும். எப்படிக் கண்டுபிடிப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வெ. வெண்ணிலா


கோயமுத்தூர்
3 மார்ச் 2025

திருமதி வெண்ணிலா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஆய்வு அறிக்கை எங்கள் வாடிக்கையாளருக்கு மட்டுமே உரியது. அது குறித்து மூன்றாம் நபருடன் கடிதத் தொடர்பு கொள்ள எங்கள் விதிகளில் இடமில்லை என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

மேலே உள்ளதை ஆய்வகத்தில் உட்கார்ந்து எழுதினேன். அதை அப்படியே தபாலில் போட மனம் வரவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, உங்கள் கடிதத்தை இன்னொரு முறை படித்துவிட்டு, அதே தாளின் கீழே தொடர்கிறேன்.

எங்கள் இயந்திரம் ஓர் எலெக்ட்ரான் நுண்ணோக்கி. ஒரு துகளின் மேல் எலெக்ட்ரான் கற்றையை அடித்தால், துகளுக்குள் இருக்கும் ஒவ்வொரு தனிமமும் தன் எக்ஸ்ரேயை வெளியே விடும். அதை வைத்து உள்ளே என்னென்ன இருக்கிறது என்று சொல்லலாம். எங்கிருந்து வந்தது என்று அது சொல்லாது. ஆனால் சந்தேகப்படும் பொருள்களின் துகள்களையும் பார்த்து, ஒன்றோடொன்று ஒப்பிடலாம்.

ஹோட்டல் அனுப்பிய துகளில் மிச்சம் எங்களிடம் இருக்கிறது. மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. நீங்கள் சந்தேகப்படும் பொருள்களிலிருந்து கொஞ்சம் சுரண்டி, தனித்தனித் தாளில் மடித்து, மேலே பெயர் எழுதி, கீழே உள்ள என் வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள். சனிக்கிழமை மதியம் இயந்திரம் சும்மாதான் இருக்கும். மேலாளரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வேன். இதற்கு அறிக்கை எதுவும் கிடைக்காது, பதில் மட்டும்தான் கிடைக்கும்.

தே. தேவசிகாமணி


தலைச்சோலை
7 மார்ச் 2025

ஐயா,

உங்கள் கடிதத்தின் மேல்பாதியைப் படித்துவிட்டுக் கிழிக்கப் போனேன். நல்லவேளை, கீழ்ப்பாதியைக் கண்கள் பார்த்துவிட்டன. இனிமேல் கீழ்ப்பாதியிலிருந்து ஆரம்பியுங்கள்.

மூன்று பொட்டலம் வைத்திருக்கிறேன். முதலாவது சல்லடையில் பற்றவைத்த இடத்தைச் சுரண்டியது. இரண்டாவது கொட்டகைக் கதவின் பச்சைப் பெயின்ட். மூன்றாவது டப்பா மூடிக்குள் இருக்கும் பூச்சு.

சல்லடை முத்தாயி அக்கா வீட்டில் இருந்தது. அவள் மிளகு பறிக்க எஸ்டேட்டுக்குப் போன நேரம் பார்த்து, பின்வாசல் வழியாகப் போய், பிளேடால் சுரண்டிக்கொண்டு வந்தேன். திருடிதான். இருபது வருடமாக அந்த வீட்டில் கேட்காமலே உப்பும் புளியும் எடுத்தவள் நான். அன்று ஒரு சிட்டிகைத் தூளுக்காக வாசலை இரண்டு தடவை எட்டிப் பார்த்தேன். திரும்பும்போது வெள்ளையன் மாமா வாசலில் நின்றார். 'ஏம்மா, கேட்டிருந்தா நானே சுரண்டிக் குடுத்திருப்பனே' என்று மட்டும் சொன்னார். பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன்.

முத்தாயி அக்கா என்னைத் திட்டினால் பரவாயில்லை. திட்டவில்லை. 'நீங்க', 'வாங்க', 'போங்க' என்று பேசுகிறாள். எனக்கு எட்டு வயது மூத்தவள், கல்யாணமான நாளிலிருந்து என்னைக் கண்ணு என்று கூப்பிட்டவள். நேற்று குழாயடியில் 'தலைவியம்மா, மொதல்ல நீங்க புடிச்சுக்கோங்க' என்று குடத்தை நகர்த்திக்கொண்டாள். பத்து பேர் நின்றார்கள்.

வறுப்பதை இப்போது நானே பார்க்கிறேன். இரண்டு தடவை கருக்கிவிட்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

வெண்ணிலா


கோயமுத்தூர்
17 மார்ச் 2025

வெண்ணிலா அவர்களுக்கு,

கீழ்ப்பாதியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். நீங்கள் மூன்று பொட்டலம் என்று எழுதியிருந்தீர்கள், உறைக்குள் நான்கு இருந்தன. நான்காவதில் பெயர் இல்லை. சாம்பல் நிறத் தூள். விட்டுவிடக் கூடாது என்று அதையும் இயந்திரத்துக்குள் வைத்து அரைமணி நேரம் பார்த்தேன். சிலிக்கான், கால்சியம், பொட்டாசியம் என்று அழகாக வந்தது. எங்கே கிடைத்ததாக இருக்கும் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி மலர் அந்தத் தாளை விரித்துப் பார்த்தாள். 'ஏனுங்க, சேர்வராயன் கோயில்னு அச்சடிச்சிருக்குதுங்களே, இது துன்னூறுங்க' என்றாள். மிச்சத்தை நெற்றியில் பூசிக்கொண்டேன். அடுத்த முறை அதிலும் பெயர் எழுதிவிடுங்கள்.

இனி விஷயம். இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை.

சல்லடைத் துகளில் ஈயம் இருக்கிறது. சந்தேகமே இல்லை. பெயின்டிலும் மூடியிலும் இல்லை. இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் உங்கள் ஊர் சொன்னதுதான் சரி என்று எழுதியிருப்பேன். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தேனே, அதனால் சல்லடைத் துகளின் வரைபடத்தை வெள்ளைத் துகளின் வரைபடத்துக்கு மேல் வைத்தேன்.

அந்த வரைபடத்தில் ஒவ்வொரு தனிமமும் தனக்கென்று ஓர் இடத்தில் மேடாக எழும்பும். இரண்டிலும் இருப்பது ஈயம் என்றால், இரண்டு மேடும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். உட்காரவில்லை. வெள்ளைத் துகளின் மேடு ஒரு நூல் இடப்பக்கம் தள்ளி நின்றது. அந்த இடம் கந்தகத்தின் இடம். கந்தகமும் ஈயமும் அந்த வரைபடத்தில் அவ்வளவு நெருக்கம்.

ஈயத்துக்கு இன்னொரு மேடு உண்டு, வலப்பக்கம் வெகுதூரத்தில். கந்தகத்துக்கு அங்கே எதுவும் கிடையாது. ஆகவே ஈயம் என்று எழுதும் முன் அந்த இரண்டாவது மேட்டைத் தேடிப் பார்க்க வேண்டும். ஜனவரியில் நான் இயந்திரத்தைப் பத்து கிலோவோல்ட்டில் ஓட்டியிருந்தேன். பத்தில் கற்றைக்கு வேகம் போதாது, அந்த மேடு எழும்பவே எழும்பாது. இந்த முறை இருபத்தைந்துக்கு ஏற்றினேன். சல்லடைத் துகளில் உடனே வந்தது. வெள்ளைத் துகளில் கால்மணி நேரம் காத்திருந்தும் வரவில்லை.

உங்கள் பொடியில் கிடந்தது ஈயம் இல்லை. கால்சியம், கந்தகம், ஆக்சிஜன். மூன்றும் சேர்ந்தால் ஜிப்சம்.

மேட்டின் மேல் பெயரை இயந்திரமே எழுதிவிடும். அது சரியா என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அன்று அது ஒன்பதாவது மாதிரி. ஈயம் என்று எழுதியிருந்தது, நான் கையெழுத்துப் போட்டேன். பதினாறு வருடமாக இதைச் செய்கிறேன், அந்த இரண்டாவது மேட்டைப் பற்றித் தெரியாமல் இல்லை. தெரிந்தும் பார்க்கவில்லை.

ஒரு கேள்வி. அந்த ஹோட்டலில் மேல்கூரை வேலை, சுவர் வேலை ஏதாவது நடந்ததா? வெள்ளைப் பலகை வைத்துக் கூரை போடுகிறார்களே, அது ஜிப்சம்தான்.

மேலாளரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு வாரம் தேவைப்படுகிறது. அதுவரை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தேவசிகாமணி


தலைச்சோலை
21 மார்ச் 2025

தேவசிகாமணி அண்ணனுக்கு,

யாரிடமும் சொல்லவேண்டாம் என்று நீங்கள் எழுதிய வரியைப் படிக்கும்போது நான் ஏற்கனவே முத்தாயி அக்கா வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மன்னிக்கவேண்டும். கடிதத்தை நடந்துகொண்டே படித்தேன்.

திருநீறு ஆய்வுக்கு வைத்ததில்லை, உங்களுக்கு வைத்தது. அதைப் போய் இயந்திரத்துக்குள் வைத்தீர்களே. ஆறு வாரத்தில் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தேன்.

முத்தாயி அக்காவிடம் சொன்னேன். 'அக்கா, ஈயம் இல்லையாம். நம்ம மேல தப்பே இல்லையாம்.' அவள் முறத்தில் ராகி புடைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. 'இதை நாஞ் சொன்னனுங்களே, தலைவியம்மா. மொத நாளே சொன்னனுங்க. பொடி சலிச்சு ஒவ்வொரு டப்பாவையும் வெளிச்சத்துல பார்த்துத்தான் மூடுனேன், வெள்ளையா ஒண்ணுமில்லைன்னு சொன்னனுங்க. பக்கத்து ஊட்டுக்காரி சொன்னா நம்பமாட்டீங்க. காயிதத்துல இருந்தா நம்புவீங்க. இப்ப எந்தக் காயிதத்தோட வந்திருக்கீங்க?'

என்னிடம் இருந்தது உங்கள் கடிதம்தான். அதில் யாரிடமும் சொல்லவேண்டாம் என்று வேறு எழுதியிருந்தது. மடித்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

அண்ணா, நீங்கள் ஒரு வாரம் கேட்கிறீர்கள். உங்களுக்கு வேலை, பெயர், மேலாளர் எல்லாம் இருக்கிறது, புரிகிறது. ஆனால் இங்கே ஒருத்தி ஐந்து வாரமாகக் கொட்டகைக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறாள். அவளைத் துரத்தியது நான், எனக்குக் காகிதம் கொடுத்தது நீங்கள். எனக்கு உங்கள் மேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய்.

மறுநாளே ஏற்காட்டுக்கு இறங்கினேன். டப்பாக்களைத் திரும்ப எடுக்க வந்தேன் என்று சொல்லி ஹோட்டல் சமையலறைக்குள் போனேன். நீங்கள் கேட்டது சரி. கோடை விழாக் கூட்டத்துக்காகச் சாப்பாட்டு ஹாலுக்கு மேலே புதுக் கூரை போட்டிருக்கிறார்கள், பூ வேலைப்பாடெல்லாம் செய்து. பொங்கலுக்கு முன் ஆரம்பித்த வேலையாம். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் கதவே இல்லை. எங்கள் டப்பாவைத் திறந்து, கரண்டியை உள்ளேயே நிறுத்தி, அடுப்புக்கு மேல் பலகையில் வைத்திருந்தார்கள். அந்தப் பலகை மேல் விரலால் என் பெயரை எழுதலாம், அவ்வளவு வெள்ளைத் தூசி. கொஞ்சம் வழித்து எடுத்துவந்தேன். இதோடு வைத்திருக்கிறேன். மேலே பெயர் எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு பொட்டலம்தான், எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெண்ணிலா


கோயமுத்தூர்
31 மார்ச் 2025

சகோதரி வெண்ணிலாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலையிலேயே மேலாளர் சாந்தி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்று நான் கேட்டது பயத்தில் கேட்டது, வேறொன்றுமில்லை.

அவர் சத்தம் போடவில்லை. இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, 'இது ஒண்ணுதானா, தேவா? அந்த வாரம் நீங்க கையெழுத்துப் போட்ட மத்ததெல்லாம்?' என்று கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை என்று வெட்கமாக இருந்தது. ஐந்து நாள் உட்கார்ந்து முப்பத்தொரு அறிக்கையையும் மறுபடி பார்த்தேன். இன்னொன்றில் அதே தவறு இருந்தது. அந்த வாடிக்கையாளருக்கும் நானே போன் செய்து சொன்னேன். அவர் நன்றி என்றார், நான் திட்டை எதிர்பார்த்திருந்தேன்.

பலகைத் தூசி ஜிப்சம். ஹோட்டல் அனுப்பிய துகளோடு மேடுக்கு மேடு ஒத்துப்போகிறது. பிரவீனிடமும் பேசினேன். கூரை வேலை எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று கணக்குப் பார்த்தார். பிறகு, திருத்திய அறிக்கையை உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்ப எழுத்தில் அனுமதி கொடுத்தார். இதோடு வைத்திருக்கிறேன். பழைய அறிக்கை எண், அதில் எழுதிய தனிமம் தவறு, எதனால் தவறு, சரியானது எது என்று நான்கு வரி. கீழே என் கையெழுத்து. 'பிழை' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'மறுபரிசீலனை' என்று போடலாமா என்று முதலில் நினைத்தேன். பிறகு உங்கள் ஓரகத்தியின் முறம் ஞாபகம் வந்தது. பிழை என்றே விட்டுவிட்டேன்.

அந்தச் சல்லடையை மட்டும் தூக்கிப் போடுங்கள். பற்றவைத்த இடத்தில் ஈயம் இருப்பது உண்மை. பொடிக்குள் இதுவரை அதன் துகளை நான் பார்க்கவில்லை என்பதும் உண்மை. சாப்பாட்டுப் பொருள் படுகிற இடத்தில் அது இருக்கக் கூடாது. வெள்ளையன் அவர்களிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இப்போதெல்லாம் இயந்திரம் ஒரு பெயரை எழுதினால் அதன் இரண்டாவது மேட்டைத் தேடாமல் நான் நகர்வதில்லை. வேலை முடிய அரைமணி நேரம் தாமதமாகிறது. வீட்டுக்கு நிம்மதியாகப் போகிறேன்.

தேவசிகாமணி


தலைச்சோலை
8 ஏப்ரல் 2025

தேவசிகாமணி அண்ணனுக்கு,

உங்கள் காகிதம் வந்த அன்றே அதை எடுத்துக்கொண்டு முத்தாயி அக்கா வீட்டுக்குப் போனேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வாசித்துக் காட்டச் சொன்னாள். நான்கு வரியையும் வாசித்தேன். பிழை என்ற இடத்தில் நிறுத்தச் சொல்லி, 'அப்படியேவா எழுதியிருக்குது?' என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கையெழுத்து எங்கே என்று கேட்டு, அதன்மேல் விரல் வைத்துப் பார்த்தாள்.

பிறகு சொன்னாள். 'நொம்ப நல்ல மனுசன். தப்புன்னு தெரிஞ்சதும் அவரு பேரை எழுதிக் குடுத்துட்டாரு. நீங்க எப்ப எழுதுவீங்க?'

எனக்கு முதலில் புரியவில்லை. நான் எதை எழுதுவது? 'என்னைய வரவேண்டாம்னு கூட்டத்துல எழுதுனீங்களே, அதே நோட்டுல' என்றாள்.

அண்ணா, மூன்று நாள் ஒத்திப்போட்டேன். நீங்கள் கேட்ட ஒரு வாரம் எவ்வளவு சின்னது என்று அப்போதுதான் தெரிந்தது. அறிக்கை அப்படிச் சொன்னதால்தான் அப்படிச் செய்தோம் என்று எழுதிப் பார்த்தேன், அடித்தேன். எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு என்று எழுதிப் பார்த்தேன், அதையும் அடித்தேன். ஒரு பக்கம் வீணாய்ப் போனது. கடைசியில் இவ்வளவுதான் எழுதினேன்: 'முத்தாயி சொன்னதை நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். விசாரிக்காமல் அவரை விலக்கியது என் பிழை.' கீழே என் பெயர்.

சனிக்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தேன். முத்தாயி அக்கா கடைசி வரிசையிலிருந்து, 'இன்னொருக்கா வாசிங்க, இந்தப் பக்கம் கேக்கலை' என்றாள். நன்றாகக் கேட்டிருக்கும், எனக்குத் தெரியும். இன்னொரு முறை வாசித்தேன். இந்த முறை நடுவில் குரல் உடைந்துபோனது. உடைந்த குரலோடேயே வாசித்து முடித்தேன்.

சல்லடையை வெள்ளையன் மாமாவே வெட்டி எறிந்தார். புதுசு வந்திருக்கிறது. பிரவீன் மேலே வந்து, பதினோரு பேர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு, பழையபடி பொடி வேண்டும் என்றார். டப்பாவை இனி மூடி வைப்பதாக எழுதிக் கொடுக்கச் சொன்னோம். கொடுத்தார். எழுதி வாங்குவதில் எங்கள் குழு இப்போது கெட்டிக்காரக் குழுவாகிவிட்டது.

நேற்று திங்கட்கிழமை, வறுக்கிற நாள். நான் ஆறு மணிக்குக் கொட்டகைக்குப் போனேன். அவள் எனக்கு முன்னால் வந்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். நான் கருக்கி ஒளித்துவைத்திருந்த கொட்டை மூட்டையைக் கண்டுபிடித்து வாசலில் எடுத்து வைத்திருந்தாள். என்ன சொல்லப் போகிறாளோ என்று வாசலிலேயே நின்றேன். அவள் அடுப்பை ஊதிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், 'கண்ணு, இந்த வெறகு ஈரம். பின்னால காஞ்சது கெடக்குது, எடுத்துட்டு வா' என்றாள்.

ஓடினேன், அண்ணா. ஒரு கட்டு போதும், நான் மூன்று கட்டு தூக்கிக்கொண்டு வந்தேன்.

உங்கள் தங்கை,
வெண்ணிலா